பதினொரு சாம்பிள் பைகள்

கட்டிலில் பத்துத் துணிப் பைகளை வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவுதான். உன் அத்தா ஏலக்காய் சாம்பிள் போட்டு ஏலத்துக்குக் கொண்டுபோகும் பைகள். முடிச்சை அவிழ்த்தால் முதலில் ஏலக்காய் வாசம் வருகிறது. அதற்கு அடியிலிருந்து, கொஞ்சம் தாமதமாக, அந்துருண்டை வாசம். நம் பள்ளிக்கூடத்து மியூசியம் ரூமின் வாசம். இரண்டும் சேர்ந்து வந்தால் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று அர்த்தம். இன்று அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய டீச்சர் இந்த வருஷத்து ஸ்டாக் புத்தகத்தை முடிக்கிறார்கள். அதில் ஒரு வரி இருக்கிறது. "பதினொரு பொருள்கள் இல்லை. எடுத்துச் சென்றவர்" என்று எழுதி, பக்கத்தில் உன் பெயரும் வகுப்பும் பிரிவும். கையெழுத்து என்னுடையது. எல்லோரும் பாராட்டும் அதே குண்டு குண்டான கையெழுத்து. எங்கேயாவது ஒரு எழுத்தாவது கோணலாக இருக்கிறதா என்று போன வாரம் பார்த்தேன். இல்லை. எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறேன்!

அந்தப் பதினொன்றும் எங்கே இருக்கின்றன என்று திங்கட்கிழமை நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வரி அப்படியே நிற்கும். எத்தனை வருஷம் கழித்து யார் புரட்டினாலும், நீ பள்ளிக்கூடத்துப் பொருளை எடுத்துக்கொண்டு போன பெண். நீ வந்து பதில் சொல்லவும் முடியாது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

அந்த ரூமை முதலில் திறந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெரிய டீச்சர் சாவியைச் சுற்ற, பூட்டு திறக்காமல், நீ தலையில் இருந்த தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுச் சாவிக்குத் தடவினாய். திறந்தது. உள்ளே கண்ணாடி அலமாரிகள். நாம் பிறப்பதற்கு முன்னால் இருந்த ஒரு சயின்ஸ் டீச்சர், பிள்ளைகளை ஆளுக்கு ஒரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிச் சேர்த்ததாம் அது. எது என்ன, யார் கொடுத்தது என்று அவர் எழுதி வைத்த நோட்டைக் கரையான் தின்றிருந்தது. எடுத்தபோது கையில் மண்ணாக உதிர்ந்தது. பொருள்களின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய நம்பர் மட்டும்தான் மிச்சம். நம்பர் ஒன்பது ஒரு வளைந்த இரும்பு. நம்பர் நாற்பது ஒரு கல். அவ்வளவுதான் தெரியும்.

"தையல் மெஷின் ஆறும் வராந்தாவுல சாரல்ல நனைஞ்சு துருப்பிடிக்குது. எனக்கு இந்த ரூம் வேணும்" என்றார்கள் பெரிய டீச்சர். "எது என்னன்னு தெரிஞ்சா வச்சுக்கலாம். தெரியாத சாமானைப் பூட்டி வச்சு யாருக்கு என்ன பிரயோசனம்? வருஷக் கடைசிக்குள்ள யாராச்சும் எழுதிக் கொடுங்க. எழுதினது இருக்கும். எழுதாதது பழைய சாமான் வண்டிக்குப் போகும்."

நான் கையைத் தூக்கினேன். நீ தூக்கவில்லை. தூக்கிய என் கையைப் பிடித்துக்கொண்டு "நானும் டீச்சர்" என்றாய். உனக்குக் கணக்குப் பீரியடிலிருந்து தப்பிக்க ஒரு வழி தேவைப்பட்டது.

மூன்று சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்தேன். புத்தகங்களில் ராஜாக்களின் வாள் இருந்தது, காசு இருந்தது, கிரீடம் இருந்தது. நம் அலமாரியில் இருந்த ஒரு பொருள்கூட இல்லை. நான்காவது சனிக்கிழமை, அழாத குறையாகத் திரும்பி வந்தபோது, நீ அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாய்.

"புக்குல தேடுனா எங்கிட்டுக் கெடைக்கும்? ஏலத்துல எங்கத்தா என்ன பண்ணுவாக தெரியுமா?" என்றாய். நான் அப்பா என்பதை நீ அத்தா என்பாய்; சின்ன வயதில் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோய், ஏல ஹால் வாசலில் நின்று பார்த்தவள் நீ. "தட்டுல சாம்பிள் வரும். எந்தத் தோட்டம், எத்தன மூட்டைன்னு சீட்டுல எழுதியிருக்கும். ஒருத்தரும் சீட்டப் பாக்க மாட்டாக. ஒரு பிடி அள்ளி, நகத்தால கீறி, மோந்து, ஒண்ணக் கடிச்சிப் பாப்பாக. அப்பறந்தான் வாயத் தொறப்பாக. நீ என்னடான்னா கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிட்டு உத்து உத்துப் பாக்குற. கையில கொடுடி நோட்டுக்காரி!"

"அள்ளுன காயத் திருப்பித் தட்டுல போட்ருவாகளா?"

"சீ! கையில எடுத்தத தட்டுல போட்டா மரியாதை இல்ல. தரையில போடுவாக, இல்ல சட்டைப் பையில போட்டுக்குவாக. ஏலம் முடிஞ்சு வெளிய வரணும்னா காயி மேலதான் நடந்து வரணும். எங்கத்தா செருப்பு எப்பவும் மணக்கும், மோந்து பாக்குறியா?"

நான் சிரித்தேன். நோட்டில் எதையும் எழுதவில்லை. அன்றைக்கு எழுத வேண்டியது அது ஒன்றுதான்.

அப்புறம் நீ அத்தா கடையிலிருந்து சாம்பிள் பைகள் கொண்டுவந்தாய். பைக்கு ஒரு பொருள். உன் சட்டம் ஒன்றே ஒன்று: "இது என்னன்னு கேக்கக் கூடாது. கையில வச்சிட்டு வாய மூடிக்கிட்டு நிக்கணும்." எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. முதல் பொருளிலேயே சட்டத்தை மீறினேன்.

ஏலக்காய் பொறுக்கும் கொட்டகை அது. முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் காயைத் தள்ளித் தள்ளிப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்காவின் கையில் நீ நம்பர் அறுபத்தொன்றை வைத்தாய். ஒரு சாண் குச்சியின் நுனியில் கட்டிய பழைய துணி முடிச்சு. தலை மாதிரி உருண்டையாக, கீழே துணி விரிந்து. உன் முகத்தைப் பார்க்காமல் நான் முந்திக்கொண்டேன். "இது அந்தக் காலத்துப் பொம்மைதானேக்கா? நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

பேச்சியக்கா என்னையும் பார்த்து, குச்சியையும் பார்த்து, முறத்தைக் கீழே வைத்தார். "ஏய், இங்கிட்டுக் கேளுங்கடி! பள்ளிக்கூடத்துப் புள்ள அட்டைக் குச்சியப் பொம்மைங்குது! ஏன் ஆத்தா, இதுக்குச் சட்டை தச்சுப் போட்டியா? பால் கொடுத்தியா?"

கொட்டகையே சிரித்தது. நீதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாய். எனக்குக் காது சுட்டது.

"மழைக் காலத்துல மலையில கால வச்சா அட்டை ஏறும்" என்றார் பேச்சியக்கா. "சுண்ணாம்பும் பொகையிலையும் உப்பும் துணியில முடிஞ்சு குச்சியில கட்டிக்கிறது. அட்டை கடிச்ச எடத்துல ஒரு தொடு தொட்டாச் சுருண்டு விழுந்துரும். எங்கம்மா இடுப்புல இது இல்லாம நான் பாத்ததே இல்ல." அதை மூக்கில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "வாடை போயிருச்சு" என்றார்.

அடுத்த பையிலிருந்து நம்பர் பதினேழை நீ கொடுத்தாய். ஓட்டை போட்ட பித்தளைப் பில்லை, நடுவில் நாலு என்று வெட்டியிருக்கும். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா அந்த நாலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு சொன்னார். எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பில்லை கொடுப்பார்களாம். சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். "எங்கம்மா நம்பரு இருபத்தி மூணு. மேல, காட்டுக்குள்ள, வேலையில இருக்கையிலயே செத்துப்போச்சு. தூக்கிட்டு வந்து போட்டாக. கங்காணி வந்து மடியில கையவிட்டுப் பில்லைய மட்டும் எண்ணி எடுத்துட்டுப் போனாரு. அதத்தான் நான் பாத்தேன். அம்மா மொகத்தப் பாத்த ஞாவகமே இல்ல."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். மணி நாலே கால். எங்கள் ஊருக்குப் போகும் ராசிங்காபுரம் பஸ் நாலரைக்கு. எழுதி முடித்து, நோட்டை மூடி, பஸ்ஸுக்கு ஓடினேன். நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை.

அப்புறம் பெரும்பாலும் நீ மட்டும்தான் போனாய். மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் எனக்குக் கதை சொல்வாய். நான் எழுதுவேன். "சொன்னது யாரு? பேர் என்ன?" என்று கேட்டால், "ஒரு அண்ணே", "ஒரு மாமா", "பேரக் கேட்டாக் கதையா சொல்லுவாக?" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். பெயரும் தேதியும் இல்லாத குறிப்பு ஒரு குறிப்பா என்று கத்துவேன். பொங்கலுக்குள் பதினொரு கதை சேர்ந்திருந்தது.

லீவு விடுவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை. அலமாரியைச் சரிபார்த்தேன். கதை இருந்த பதினொன்றும் இல்லை. வேறு எல்லாம் இருந்தன.

"பத்திரமாத்தான் இருக்கு. கொடுத்திருக்கேன்" என்றாய்.

"யாருக்கு?"

"சொன்னவங்களுக்கு. அவங்க கைக்குப் போயிருச்சுடி. திருப்பித் தட்டுல போடுங்கன்னு எப்படிக் கேக்குறது?"

அந்த இடத்திலாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அலமாரியில் பதினொரு வெற்றிடம். பெரிய டீச்சருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்ற பயம். நான் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? "கடைக்காரர் மகதானே நீ. வித்துட்டேன்னு சொல்லேன். கதையெல்லாமும் நீயே கட்டினதுதானே?" என்றேன்.

நீ சண்டை போடவில்லை. என்னைப் பார்த்தாய். "எழுதிக்க" என்றாய். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் எழுதிக்கொண்டேன். ஸ்டாக் புத்தகத்தில்.

லீவு முடிந்து நீ வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். வந்து பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நீதான் முதலில் பேச வேண்டும் என்றும் தினமும் நினைத்தேன். மதுரைக்கு ரயிலில் கொண்டுபோனார்கள் என்று தெரிந்த அன்று, சரி, வந்ததும் போவோம் என்று இருந்தேன். நீ ரயிலில் திரும்பி வரவில்லை. உன் தெரு முனையில், பூட்டிய கடை ஒன்றின் முன்னால் நின்றேன். உன் வீட்டுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. தெரு முழுக்க ஏலக்காய் வாசம்.

உனக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுநாள், உன் அத்தா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இளைத்துப்போயிருந்தார். "ஆத்தா, இது ஒங்க நோட்டுச் சாமானாம்ல. அவ பொட்டியில இருந்துச்சு. நீ பாரு" என்று பத்துப் பைகளைக் கொடுத்தார். பைக்குள் பொருள் எதுவும் இல்லை. நாலைந்து ஏலக்காயும், ஒரு சீட்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் உன் கோழிக் கிறுக்கல்.

நோட்டு வாங்கித் தந்தால் ஒரு மாதத்தில் தீர்த்துவிடுகிறாள் என்று உன் அம்மா திட்டுவார்கள் என்பதால், கிழித்த காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்து அதில்தான் எல்லாம் எழுதுவாய். அதையும் நீயாகக் கிழிக்க முடியாது. "நாளு முடியாமத் தாள்ல கை வைக்கக் கூடாது" என்பார் உன் அத்தா. மறுநாள் விடியத் தொழுதுவிட்டு வந்து அவரே கிழித்து உன்னிடம் கொடுப்பார். அப்படிச் சேர்த்த தாள்களில், எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி: "நம்பர் 17. வச்சிருக்கது பேச்சியக்கா. சொன்னது: அம்மா பில்லை." நான் கேட்டுக் கேட்டுச் சண்டை போட்ட பெயர்கள் அத்தனையும் இருந்தன. நீ எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

இந்த வாரம் முழுக்கச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பரீட்சை நெருங்குகிறது, அப்பா திட்டுகிறார். ஜீப் ஸ்டாண்டில் ராசு அண்ணன் தன் ஜீப்பைக் காட்டினார். முன்னால் கம்பியில் நம்பர் இருபத்தொன்பது தொங்குகிறது. நாம் கோயில் மணி என்று நினைத்தோமே, அது பொதிமாட்டு மணி. ஜீப் வருவதற்கு முன்னால் அவருடைய அப்பா மாட்டு முதுகில் அரிசி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனவராம். "ஒங் கூட்டாளிப் புள்ள கையில கொடுத்துச்சு. ஆட்டிப் பாத்தேன், அழுகை வந்துருச்சு. வச்சுக்கங்கண்ணேன்னு போயிருச்சு. இப்ப வளைவுல ஹாரன் அடிக்கிறதில்ல நானு, இதுதான்" என்றார். நீ எங்கே என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். ஜீப் நிறைய ஆட்கள் காத்திருக்க, அவர் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தேவாரம் ஊருக்கும் போனேன். மலையடியில் சோளம் போட்டிருக்கும் ஒரு மாமாவிடம் நம்பர் முப்பத்திரண்டு. பிளந்த மூங்கில் தட்டை. ஆட்டினால் படபடவென்று அடிக்கும். அவர் அதைக் காவல் பரணில் கட்டி, யானை விரட்டிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"திங்கக்கெழமைன்னா யானைக்கு லீவா, ஆத்தா?" என்றார்.

பத்துப் பேரில் இரண்டு பேர் மலைக்கு மேலே வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு வீடு பூட்டியிருக்கிறது. மற்றவர்கள் பார்க்கலாம் என்கிறார்கள். நான் கேட்கும்போதே என் வாய் உளறுகிறது. நீ பேசினால் கல்லும் எழுந்து வரும். நான் பேசினால் எல்லாருக்கும் சோலி வந்துவிடுகிறது.

இன்னொன்று. பைகள் பத்துதான். நம்பர் அறுபத்தொன்று, அந்த அட்டைக் குச்சி, எங்கே என்று எந்தச் சீட்டிலும் இல்லை. பேச்சியக்காவிடம் கேட்டேன். "அத அந்தப் புள்ளயே கொண்டுபோச்சு" என்றார். எங்கே கொண்டுபோனாய்? யாருக்குக் கொடுத்தாய்? சொல்லேன்.

*

திங்கட்கிழமை, சாயங்காலம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலரை பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. நான் என்ன முட்டாள் பார். பத்து மணிக்கு வாருங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். கொட்டகையில் வேலை எட்டு மணிக்குத் தொடங்கும். ஜீப் ஏழு மணிக்கு மலையேறிவிடும். பள்ளிக்கூட மணியைத் தவிர எனக்கு வேறு மணி தெரியாது. இதை நீ சொல்லியிருப்பாய், தலையில் ஒரு குட்டும் வைத்து.

பழைய சாமான் வண்டி பத்தேகாலுக்கு வந்தது. கதை இல்லாத பொருள்களை ஏற்றினார்கள். நம்பர் நாற்பது, அந்தக் கல், சாக்கில் விழுந்த சத்தம் கேட்டது. வளைந்த இரும்பு. கழுத்து உடைந்த சின்னப் பானை. நீ மீசைக்காரன் என்று பெயர் வைத்த கொம்பு. நான் தூசி துடைத்து, வரிசை மாறாமல், பூட்டிப் பூட்டிப் பாதுகாத்த அத்தனையும். எதுவும் காணாமல் போகவில்லை. எல்லாம் சரியாக இருந்தன, அதனால் எல்லாம் போயின. யாருடைய கையிலும் நான் கொடுக்கவில்லை. வண்டிக்காரர் ஒவ்வொன்றையும் தூக்கி, "இது என்னா? இது என்னா?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குப் பின்னால் கேட் வரைக்கும் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியாமல் நின்றேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியில் வேறொரு மணி கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. ராசு அண்ணன் ஜீப். பின்னால் பேச்சியக்காவும் இன்னும் நாலு பேரும், கையில் ஏலக்காய்ப் பச்சை ஒட்டியபடி. நம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சோற்றுத் தூக்கோடு சுற்றி நின்றுவிட்டார்கள்.

"டீச்சர், வெரசா எழுதிக்கங்க, லோடு நிக்குது" என்றார் ராசு அண்ணன், மணியைக் கழற்றி மேஜையில் வைத்து.

"பத்து நிமிசந்தான் சொல்லி வந்தோம்" என்றார் பேச்சியக்கா. பில்லையை இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்தார். மேஜையில் வைக்கவில்லை. பெரிய டீச்சரின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார். பிறகு பேசாமல் நின்றார். உன் சட்டம்! அவருக்கும் அது தொற்றிவிட்டிருக்கிறது. பெரிய டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். "இது என்னம்மா?" என்று அவர்களே கேட்டார்கள். பேச்சியக்கா சொன்னார். கங்காணி, மடி, இருபத்தி மூணு. பிள்ளைகள் ஒருவர்கூடத் தூக்கைத் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "ஸ்டாக் புத்தகத்துல அடிக்கவோ அழிக்கவோ கூடாது. ஆனா கீழ எழுதலாம்" என்றார்கள். சிவப்பு மையில், அந்த வரிக்குக் கீழே, நம்பரும், இருக்கும் இடம் என்று ஆள் பெயரும் எழுதினார்கள். வராத நாலு பேருக்கும் உன் சீட்டைப் பார்த்தே எழுதினார்கள். பத்து.

"பத்து சரி. அறுபத்தொண்ணு?"

மேஜையிலிருந்த சீட்டுகளை மறுபடி எண்ணினேன்.

"அப்ப அந்த ஒண்ணுக்கு வரி அப்படியே நிக்கட்டும்மா. நான் என்ன பண்ண?"

ஒரு குச்சி. ஒரு கந்தல் துணி. அதற்காக நீ அந்தப் புத்தகத்தில் காலத்துக்கும் நிற்கப்போகிறாய். அதையும் நான்தான் எழுதினேன். இங்கே எல்லாரும் போகிறார்கள், வருகிறார்கள். எந்த பஸ்ஸில் ஏறினாலும் இது என் கூடவே வரும்.

*

புதன்கிழமை.

நேற்றுப் பள்ளி விட்டதும் உன் வீட்டுக்குப் போனேன். அன்று வராத கால் நேற்று வந்தது. இன்னொரு சாம்பிள் பை இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். உன் புத்தக அலமாரியைக் காட்டினார்கள். நான் தேடத் தேட, அவர்கள் உள்ளே போய் உன் தையல் கிளாஸ் பையைக் கொண்டுவந்தார்கள். "இதுல ஒண்ணு கெடந்துச்சு ஆத்தா. தையல் பைக்குள்ள இருக்கும்னு அவ அத்தா பாக்கல" என்றார்கள்.

பதினோராவது பை.

உள்ளே அட்டைக் குச்சி. அதற்கு ஒரு சட்டை தைத்திருந்தாய். பச்சைத் துணியில், கழுத்துக்கு ஒரு பட்டி வைத்து, நெல்மணி அளவுத் தையல். ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கைக்கு வெட்டிய துணி, ஊசி குத்தியபடி, பைக்குள் கிடந்தது. கணக்கில் நாலும் மூணும் கூட்டத் தெரியாதவள், இவ்வளவு சின்னதாகத் தைக்க எப்போது கற்றுக்கொண்டாய்?

சீட்டு: "நம்பர் 61. வச்சிருக்கது நோட்டுக்காரி. சொன்னது: பொம்மை."

உன் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றும் சொன்னவர்கள் கைக்குப் போய்விட்டது என்றாயே, அந்தப் பதினோராவது ஆள் நான். எல்லாரும் சிரித்த என் தப்பைக்கூட நீ ஒரு கதையாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய பங்கை எடுத்து வைத்திருக்கிறாய்.

வெகுநேரம் கழித்துத்தான் தாளைத் திருப்பினேன். மறுபக்கம் பெரிய எழுத்தில் தேதியும் கிழமையும்: வியாழன். பொங்கல் லீவுக்கு முதல் நாள். நான் உன்னை அந்த வார்த்தை சொன்ன நாள்.

நாள் முடியாமல் உன் அத்தா தாளைக் கிழிக்க மாட்டார். அப்படியென்றால் அந்தத் தாள் உன் கைக்கு வந்தது மறுநாள் விடிந்த பிறகு. நான் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, அதற்குப் பிறகுதான் அதில் என் பெயரை எழுதியிருக்கிறாய். நீ என்னை மன்னித்தாய் என்று அந்தத் தாளில் இல்லை. அதை நானாகச் சேர்த்து எழுதிக்கொள்ள மாட்டேன். இருப்பதை மட்டும் எழுதுகிறேன்: அதற்குப் பிறகும் எனக்கு ஒன்று கொடுத்தாய்.

உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து குச்சியைக் கையில் வாங்கினார்கள். "இது என்ன ஆத்தா?" என்றார்கள். நான் சொன்னேன். கொட்டகை, அட்டை, சுண்ணாம்பு, பேச்சியக்கா சிரித்தது, நீ எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது. உளறாமல் சொன்னேன். ஸ்டாக் புத்தகத்து வரியையும் சொன்னேன்.  என் தலையை ஒரு முறை தொட்டுவிட்டு, குச்சியைத் திருப்பி என் மடியில் வைத்தார்கள்.

இன்று காலை பெரிய டீச்சரின் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். மியூசியம் ரூமுக்குள் தையல் மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. அந்துருண்டை வாசம் போய், மெஷின் எண்ணெய் வாசம். அவர்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். இல்லாத கையைப் பார்த்தார்கள்.

"பொம்மையா?" என்றார்கள்.

"ஆமா டீச்சர்" என்றேன்.

சீட்டைக் கொடுத்தேன். நோட்டுக்காரி யார் என்று கேட்டார்கள். சொன்னேன். பேனாவை எடுத்து, சிவப்பு மையில், "61. இருக்கும் இடம்" என்று எழுதி, பக்கத்தில் என் பெயர், வகுப்பு, பிரிவு போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் எதையும் அழிக்க முடியாது. நான் உன்னைப் பற்றி எழுதிய வரியும் அழியாது. இனி யார் புரட்டினாலும் அதை முதலில் படிப்பார்கள். அப்புறம் கண்ணைக் கீழே இறக்கினால் பதினொரு பேர் இருப்பார்கள், கடைசியில் நான். நீ எடுத்த பொருள் யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பொம்மை என் புத்தகப் பையில் இருக்கிறது. இன்னொரு கையை நான் தைக்கவில்லை. ஊசி அந்தத் துணியில் நீ குத்திய இடத்திலேயே இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எடுத்து அவர்கள் கையில் கொடுக்கிறேன். கேட்கும்வரை பேசாமல் இருக்கிறேன்.